நாம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நடிகருக்குக் காசு போகிறதா?

உள்ளூர் தமிழ்ப் படம் ஒன்று ஓடிடி தளத்தில் ஏறிவிட்டால் போதும். ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் காலையில் பசியாற உட்காரும் கூட்டத்தில் யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார்: "இனிமே அந்தப் பையனுக்கு என்னப்பா கவலை? உலகமே பார்க்குது. உட்கார்ந்த இடத்துல காசு கொட்டும்!" மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. மாதாமாதம் நம் கணக்கிலிருந்து கட்டணம் கழிகிறது, நாமும் பார்க்கிறோம், பார்த்த படத்தில் நடித்தவருக்கு அதில் ஒரு சிறு பங்காவது போய்ச் சேரும் என்றுதானே தோன்றும்?

நான் சில ஆண்டுகளாக உள்ளூர் கலைஞர்களோடு பழகி வருகிறேன். எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் போய்ச் சேர்வதில்லை. படப்பிடிப்புக்குப் பேசிய சம்பளம் கைக்கு வந்ததோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அந்தப் படத்தைப் பத்து பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். ஏன் இப்படி? மற்ற நாடுகளில் என்ன நடக்கிறது? நம் வீட்டுப் பிள்ளைகள் நடிப்பு, எழுத்து, ஒளிப்பதிவு என்று இந்தத் துறைக்குப் போனால், கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்? இவற்றைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பணம் வரும் மூன்று வழிகள்

தளங்கள் பணம் கொடுக்கும் முறையைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, உரிமம். எடுத்து முடித்த படத்தைத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குத் தளத்திடம் கொடுப்பார். தளம் ஒரு தொகை தரும். திரையரங்கில் ஓடி முடிந்த படங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் நம் தொலைக்காட்சிப் பெட்டிக்கு வருகின்றன.

இரண்டாவது, தளமே தனக்காக எடுக்கச் சொல்லும் தொடர்கள், படங்கள். இங்கே தயாரிப்புச் செலவு முழுவதையும் தளம் ஏற்கும். அதற்கு மேல் ஒரு லாபத் தொகையையும் சேர்த்துக் கொடுக்கும். பதிலுக்கு எல்லா உரிமையும் தளத்துக்குப் போய்விடும். இதற்கு உலகம் அறிந்த உதாரணம் தென்கொரியாவின் 'ஸ்குவிட் கேம்'. 2021 செப்டம்பரில் நெட்ஃபிலிக்ஸில் வெளியான அந்தத் தொடரை முதல் 28 நாளில் 142 மில்லியன் குடும்பங்கள் பார்த்தன. எடுக்க ஆன செலவு 21.4 மில்லியன் அமெரிக்க டாலர். அதனால் நிறுவனத்துக்குக் கிடைத்த மதிப்பு ஏறக்குறைய 900 மில்லியன் டாலர் என்று புளூம்பெர்க் செய்தி நிறுவனம் அப்போது எழுதியது. அதை எழுதி இயக்கிய ஹ்வாங் டாங்-ஹியூக்கிடம் இதுபற்றிக் கேட்டபோது, தமக்கு முதலில் போட்ட ஒப்பந்தப்படிதான் பணம் வந்தது, போனஸ் எதுவும் இல்லை என்று சொன்னார். முதல் பருவத்துக்குப் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

மூன்றாவது, வருமானத்தில் பங்கு. யூடியூப்பில் வரும் நீளமான காணொளிகளில் விளம்பர வருமானத்தின் 55 விழுக்காடு அலைவரிசையின் உரிமையாளருக்குப் போகிறது. நம் இளைஞர்கள் எடுக்கும் இணைய நாடகங்கள் பலவும் இதை நம்பித்தான் நடக்கின்றன.

இந்த மூன்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. தளம் பணம் கொடுப்பது உரிமையை வைத்திருப்பவருக்கு. அவர் தயாரிப்பாளராக இருக்கலாம், விநியோகிப்பவராக இருக்கலாம், அலைவரிசைக்காரராக இருக்கலாம். நடித்தவரின் பெயர் திரையில் வரும். பணம் போகும் பட்டியலில் வராது. அவருக்கு என்ன கிடைக்கும் என்பது அவரும் தயாரிப்பாளரும் போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

எங்கள் பகுதி இளைஞர் ஒருவர், இணையத் தொடர் ஒன்றில் நடித்தவர், தம் ஒப்பந்தத்தை என்னிடம் காட்டினார். ஆங்கிலத்தில் ஆறு பக்கம். நான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியம். அதன் பொருள் இதுதான்: இன்று இருக்கும் ஊடகங்களிலும் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரையின்றி, இந்த நடிப்பைப் பயன்படுத்தும் உரிமை தயாரிப்புத் தரப்புக்கு உண்டு, நடிகர் மேற்கொண்டு எதுவும் கோர முடியாது. "அண்ணே, சம்பளம் எவ்வளவுன்னு மட்டும்தான் பார்த்தேன்" என்றார் அவர். இப்படியொரு வாக்கியம் உலகெங்கும் படத்துறை ஒப்பந்தங்களில் வழக்கமாக இருப்பதுதான். அதில் சட்டவிரோதம் ஏதும் இல்லை. ஆனால் ஒருவருடைய உழைப்பின் எதிர்காலம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது.

பினாங்கு பெற்ற கலைஞன்

இது ஓடிடி வந்த பிறகு முளைத்த சிக்கல் அல்ல. ஆயர் ஈத்தாமிலிருந்து சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில், ஜாலான் பி. ரம்லீயில், ஒரு மரவீடு நினைவில்லமாகப் பராமரிக்கப்படுகிறது. 1929 மார்ச் 22-ஆம் தேதி பினாங்கில் பிறந்த பி. ரம்லீ வளர்ந்த வீடு அது.

அவர் சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் சேர்ந்தது 1948-இல். முதல் படம் 'சிந்தா'. சென்னையில் பிறந்து மலாயாவுக்கு வந்த நம்மவரான எல். கிருஷ்ணன் 1950-இல் இயக்கிய 'பக்தி' படத்தில்தான் அவர் கதாநாயகன் ஆனார். அதன் பின் அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள், நூற்றுக்கணக்கான பாடல்கள். நடிகர், இயக்குநர், இசையமைப்பாளர், பாடகர் எல்லாம் அவரே.

அக்கால ஸ்டூடியோ முறையில் கலைஞர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். படம் ஸ்டூடியோவின் சொத்து. 1957-இல் அந்த ஸ்டூடியோவின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களின் கலைஞர் சங்கமான பெர்சாமாவில் ரம்லீ முன்னணியில் நின்றார். 1964-இல் கோலாலம்பூரின் மெர்டேக்கா ஸ்டூடியோவுக்கு மாறினார். 1973 மே 29-ஆம் தேதி, 44 வயதில், பணக் கஷ்டத்தில் இறந்தார். 'டான் ஸ்ரீ' பட்டம் அவருக்கு வந்தது 1990-இல், இறந்து பதினேழு ஆண்டுகள் கழித்து.

அவர் படங்களை நம் நாட்டில் மூன்று தலைமுறை பார்த்துவிட்டது. பெருநாள் வந்தால் ஏதாவது ஓர் அலைவரிசையில் இன்றும் ஓடும். ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் ஒரு சிறு தொகை அவருக்குப் போயிருந்தால் கடைசி ஆண்டுகள் வேறு மாதிரி இருந்திருக்கும். அப்படியொரு ஏற்பாடு உலகில் இல்லாமலும் இல்லை. அவர் நடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் அமெரிக்க நடிகர்கள் அதைப் போராடி வாங்கினார்கள்.

மறு ஒளிபரப்புக்கு ஒரு தொகை

1960 மார்ச்சில் அமெரிக்கத் திரைப்பட நடிகர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அப்போது சங்கத்தின் தலைவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான ரோனல்ட் ரீகன். திரையரங்குக்காக எடுத்த படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்று ஸ்டூடியோக்கள் சம்பாதித்தன. நடித்தவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. போராட்டத்தின் முடிவில், 1960 முதல் எடுக்கப்படும் படங்கள் தொலைக்காட்சிக்குப் போனால் நடிகர்களுக்கும் பணம் என்று ஒப்பந்தமானது. ஓய்வூதிய, மருத்துவத் திட்டத்துக்கும் அப்போதுதான் அடித்தளம் விழுந்தது.

நட்சத்திரங்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. நான்கு வசனம் பேசும் மருத்துவராகவும் கடைக்காரராகவும் வருபவருக்குத்தான் இது வாழ்வு. நடிப்பில் வேலை தொடர்ந்து இருக்காது. இரண்டு வேலைகளுக்கு நடுவே ஆறு மாத இடைவெளி வந்தால், பழைய தொடரின் மறு ஒளிபரப்புக்கு வரும் காசோலைதான் வீட்டு வாடகை.

ஓடிடி இந்தக் கணக்கைக் குழப்பியது. தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்பை எண்ணலாம்: இன்று ஒருமுறை, அடுத்த மாதம் ஒருமுறை. தளத்தில் தொடர் எந்நேரமும் இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது நிறுவனத்துக்கு மட்டும் தெரியும். ஆகவே பார்வையாளர் எண்ணிக்கைக்குத் தொடர்பில்லாத ஒரு நிலையான தொகையே கொடுக்கப்பட்டது. 2019-இல் முடிந்த 'சூட்ஸ்' தொடர் 2023-இல் நெட்ஃபிலிக்ஸுக்கு வந்ததும் ஒரே வாரத்தில் 3 பில்லியன் நிமிடங்களுக்கு மேல் பார்க்கப்பட்டது. அதில் ஓர் அத்தியாயத்தை எழுதிய ஈத்தன் ட்ரோகின், அந்தக் காலாண்டில் அதற்காகத் தமக்கு வந்தது 259.71 டாலர் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த ஆண்டே இரண்டு பெரிய போராட்டங்கள். எழுத்தாளர்கள் மே 2-இல் தொடங்கி 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 14-இல் நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா இறங்கி 118 நாள் நின்றது. சங்கத்தின் மருத்துவக் காப்பீடு கிடைக்க அப்போது ஆண்டுக்கு 26,470 டாலர் வருமானம் வேண்டும். உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் அதைத் தொடவில்லை. ஹாலிவுட் என்றதும் நம் கண்ணுக்கு வரும் மாளிகைகள் ஒரு சிலருடையவை.

முடிவில் கிடைத்தது என்ன? தளத்துக்காகவே எடுத்த ஒரு தொடரையோ படத்தையோ, அந்தத் தளத்தின் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 விழுக்காட்டுக்குச் சமமானோர் முதல் 90 நாளில் பார்த்திருந்தால் வெற்றிப் போனஸ் உண்டு. எழுத்தாளர்களுக்கு, வழக்கமாக வரும் தொகையில் பாதி கூடுதலாக. நடிகர்கள் பக்கம், முழுத் தொகை அளவுக்குப் போனஸ்; அதில் 75 விழுக்காடு அந்தப் படைப்பில் நடித்தவர்களுக்கு, 25 விழுக்காடு பிற நடிகர்களுக்குப் பகிரும் பொது நிதிக்கு. நடிகரின் முகத்தையும் குரலையும் கணினியில் நகலெடுக்க அவர் சம்மதமும் சம்பளமும் வேண்டும் என்ற விதியும் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், எந்தப் படம் எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்ற பட்டியலை, 18,000-க்கும் மேற்பட்ட தலைப்புகளோடு, நெட்ஃபிலிக்ஸ் முதன்முறையாக வெளியிட்டது. பங்கு கேட்க முதலில் எண்ணிக்கை தெரிய வேண்டும் அல்லவா?

சென்னையில் என்ன நிலை?

நாம் அதிகம் பார்ப்பது சென்னையிலிருந்து வரும் படங்களைத்தான். 2020, 2021 ஆண்டுகளில் கோவிட் முடக்கத்தின்போது 'பொன்மகள் வந்தாள்', 'சூரரைப் போற்று', 'ஜெய் பீம்' எல்லாம் நேராக அமேசான் பிரைமுக்கு வந்தன. நாமும் வீட்டுக்குள் அடைந்து கிடந்து புதியது, பழையது என்று எல்லாவற்றையும் பார்த்தோம். அதே நேரத்தில் அந்தப் படங்களுக்கு விளக்குப் பிடித்தவர்கள், உடை தைத்தவர்கள், ஒப்பனை செய்தவர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். படப்பிடிப்பு நின்றால் அன்றாடக் கூலியும் நிற்கும். அவர்கள் செய்து முடித்த வேலை மட்டும் தளங்களில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

மணிரத்னமும் ஜெயேந்திரா பஞ்சாபகேசனும் முன்நின்று உருவாக்கிய 'நவரசா' 2021 ஆகஸ்ட் 6-இல் நெட்ஃபிலிக்ஸில் வந்தது இந்தப் பின்னணியில்தான். ஒன்பது குறும்படங்கள். இயக்குநர்களும் நடிகர்களும் சம்பளம் வாங்காமல் வேலை செய்தார்கள். கிடைத்த பணம் பூமிகா அறக்கட்டளை வழியாக ஃபெப்சி தொழிலாளர்களின் நிவாரணத்துக்குப் போனது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் பெரியவர்களின் நல்ல மனம் இருந்தால்தான் தொழிலாளியின் அடுப்பு எரியும் என்பது ஒரு முறையாக இருக்க முடியாது.

பாட்டுத் துறையில் இந்தியா ஒரு படி முன்னே போய்விட்டது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் முன்பு எல்லா உரிமையையும் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஜாவேத் அக்தர் போன்றவர்கள் குரல் கொடுத்ததன் பலனாக 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. படத்தில் இடம்பெற்ற பாட்டு திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது வரும் தொகையில் அவர்களுக்குள்ள பங்கை, தாங்களே விரும்பினாலும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே கொடுக்கலாம். பேரம் பேச வலுவில்லாத ஆளைச் சட்டமே பிடித்து நிறுத்திக் காப்பாற்றுகிறது.

நம் நாட்டில்

மலேசியாவிலும் இசைக்கு ஒரு வழி இருக்கிறது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் எம்ஏசிபி 1989 முதல் தொகை வசூலித்துக் கொடுக்கிறது. 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒலிப்பதிவு ஒலிபரப்பானால் அதில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நியாயமான தொகை தரச் சொல்கிறது. அந்தப் பிரிவு ஒலிப்பதிவுக்கானது. படத்தில் நடித்தவருக்கு எழுதப்பட்டதல்ல. நடிகருக்கு இருப்பது அவர் கையெழுத்திட்ட தாள்தான். ஸ்பெயினில் நடிகர்களுக்காகவே ஏஐஎஸ்ஜிஇ என்ற அமைப்பு இப்படி வசூலித்துப் பங்கிடுகிறது. ஆகவே இது நடக்காத காரியம் என்று சொல்லிவிட முடியாது.

தயாரிப்பாளர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் தமிழ்ப் படச் சந்தை சிறியது. வீட்டை அடமானம் வைத்துப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். போட்ட முதலே திரும்பாதபோது, "முதல் நாளிலிருந்தே பங்கு கொடு" என்று நடிகர் கேட்டால் எங்கே போவார்? மொத்தச் சம்பளத்திலும் ஒரு நன்மை உண்டு: படம் தோற்றாலும் பேசிய பணம் வந்துவிடும், நட்டம் நடிகரைத் தொடாது.

எனவே நான் நியாயமாகக் கருதுவது இதைத்தான்: அன்றாடச் சம்பளம் அப்படியே இருக்கட்டும். தயாரிப்பாளர் முதலை எடுத்த பிறகு வரும் உரிமத் தொகையில் ஒரு சிறு விழுக்காடு, நடித்தவர்களுக்கும் முக்கியத் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் பிரியட்டும். அமெரிக்காவின் 20 விழுக்காட்டு விதியும் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். படம் வென்றால் மட்டுமே கொடுக்க வேண்டும். தோற்றால் யாருக்கும் சுமை இல்லை. இதற்குச் சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒப்பந்தத்தில் நான்கு வரி சேர்த்தால் போதும்.

கையெழுத்துக்கு முன்

இளைய கலைஞர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் நான் சொல்வது இவ்வளவுதான்.

உங்கள் நடிப்பு எங்கே, எத்தனை ஆண்டுகளுக்குப் பயன்படும் என்று கேளுங்கள். தொலைக்காட்சிக்கு மட்டுமா, ஓடிடிக்குமா, வெளிநாட்டுக்குமா? "எல்லாம், என்றென்றும்" என்றால் சம்பளம் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

படம் பிறகு வேறு தளத்துக்கு விற்கப்பட்டால் உங்களுக்கு ஏதாவது உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால், கணக்கை யார், எப்போது காட்டுவார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். வாய்வார்த்தை நண்பர்களுக்குள் சரி; தயாரிப்பு நிறுவனம் கைமாறினால் புதியவருக்கு அது தெரியாது.

உங்கள் முகத்தையும் குரலையும் கணினியால் மறுபடி உருவாக்க அனுமதி கேட்கிறார்களா என்று பாருங்கள். அதைத் தனியாகப் பேசுங்கள்.

சம்பளம் எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுதியிருக்க வேண்டும். "ஒளிபரப்பான பிறகு" என்பது தேதி ஆகாது.

ஒப்பந்தம் புரியவில்லை என்றால் இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர் கோபப்பட மாட்டார்.

கூடவே, கையில் வரும் சம்பளத்திலிருந்து கொஞ்சம் பாதுகாப்பு வாங்கிக்கொள்ளுங்கள். சொக்சோவின் சுயதொழில் திட்டம் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்காகத் தொடங்கியது. 2020 முதல் கலைத்துறையினரும் சேரலாம். படப்பிடிப்பில் விழுந்து கை கால் முறிந்தால் அது உதவும். ஊழியர் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் தாமாகச் சேமித்தால் அரசாங்கமும் ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்க்கிறது. 2025 ஆகஸ்ட் 28-இல் மக்களவையில் நிறைவேறிய கிக் தொழிலாளர் மசோதாவும், உணவு விநியோகிப்பவர்களோடு படம், இசை போன்ற துறைகளில் தனித்துப் பணிபுரிவோரையும் கணக்கில் எடுத்தது. எழுத்தில் ஒப்பந்தம், தகராறு வந்தால் போக ஒரு நடுவர் மன்றம் என்பவை அதன் முக்கிய அம்சங்கள்.

பார்வையாளர்களான நமக்கும் ஒரு பங்கு உண்டு. திருட்டுத்தனமாக ஓடும் இணைப்பில் உள்ளூர் படத்தைப் பார்த்தால், எண்ணிக்கையில் நாம் இல்லை. எண்ணிக்கை குறைந்தால் அடுத்த படத்துக்குத் தளம் கொடுக்கும் தொகை குறையும். தயாரிப்பாளர் அதை முதலில் கழிப்பது நடிகரின், தொழிலாளியின் சம்பளத்தில்தான். முறையான தளத்தில், கடைசி வரை பாருங்கள். உள்ளூர் படம் திரையரங்குக்கு வந்தால், முதல் வாரத்திலேயே குடும்பத்தோடு போங்கள். உரிமம் பேச உட்காரும்போது தயாரிப்பாளர் கையில் இருக்கும் ஒரே பலம் அந்த முதல் வார வசூல்தான்.